ஏழு சட்டி கடுக்காய்த் தண்ணீர்

ஆமாம், போனாள். இல்லையென்று யார் சொன்னது? இத்தா இருக்க உட்கார்ந்த ஒன்பதாம் நாள், பட்டப்பகலில், வெள்ளைச் சேலையோடு, வாசல் திரையை விலக்கிக்கொண்டு சைனப் வெளியே போனாள். தாராவியில் தோல் ஷாப்புச் சந்து முழுக்கப் பார்த்தது. புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? ஐந்து வேளையும் தொழுகிறவள். தெரிந்துதான் போனாள். எதற்குப் போனாள் என்று கேட்காமல், போனாள் போனாள் என்று குழாயடியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் அது அரைப் பேச்சு. மீதி அரையையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இன்னும் என்னவெல்லாம் சொன்னார்கள்! புருஷன் வயிற்றில் வெட்டியெடுத்த சதையை ஆஸ்பத்திரியில் விற்றுவிட்டு வந்தாள் என்றார்கள். படுக்கையில் கிடந்தவனுக்குக் கடுக்காயைக் கரைத்து ஊற்றினாள் என்றார்கள். தலைமாட்டில் வட்டம் வட்டமாகக் கோடு போட்ட மந்திரக் காகிதம் வைத்திருந்தாள் என்றார்கள். எல்லாம் அடுத்த வீட்டு பேகத்தின் வாயிலிருந்து கிளம்பியவை. பேகம் பொய் சொல்கிறவள் அல்ல. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைத் தகரம். அதிலிருந்த ஓட்டை வழியாகக் கண்டதைச் சொன்னாள். ஆனால் தகர ஓட்டையில் எவ்வளவு தெரியும்? சைனப் பார்த்தது வேறொரு ஓட்டை வழியாக. அதில் கண்ணை வைத்தவர்கள் இந்தச் சந்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் கபருக்குள் போய்விட்டார்.

அவர் கரீம் பாட்சா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மீசை முளைக்காத வயதில் பம்பாய்க்கு வந்து, முப்பது வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பில் குழி பார்த்தவர். குழி பார்ப்பது என்றால், தோல் ஊறுகிற தண்ணீரைப் பார்ப்பது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இடித்துப் போட்ட தண்ணீர் ஏழு குழிகளில் வரிசையாக நிற்கும். முதல் குழியில், பல தோல்கள் ஊறி வீரியம் போன பழைய தண்ணீர். ஏழாவதில் அன்றைக்குக் கலந்த புதுத் தண்ணீர். பச்சைத் தோல் முதல் குழியில் இறங்கி, ஒவ்வொரு குழியாக ஏறி, ஏழாவதில் கரையேறும்போதுதான் அது செருப்புக்கும் பைக்கும் ஆகிற தோல். எந்தக் குழியில் எவ்வளவு வீரியம் என்று சொல்ல அவரிடம் கருவி எதுவும் கிடையாது. சுண்டுவிரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பார். நாக்கு சுருங்குகிற சுருக்கத்தை வைத்து, "இது நாலாம் குழி. ரெண்டு நாள் போவட்டும்" என்பார். அதற்குமேல் முதலாளியும் பேசமாட்டார்.

சைனப் அதே ஷாப்பின் முற்றத்தில் கடுக்காய் இடிக்கிறவள். பிள்ளையில்லை. இருவர் கையும் ஒரே பழுப்பு. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கையோடுதான் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

யுத்தம் முடிந்த வருஷம், மழைக்காலத்தில், கரீம் பாட்சாவுக்கு வெளிக்கு இருக்கும்போது ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று மூன்று மாதம் கருணைக்கிழங்கு தின்றார். வேட்டியை இடுப்பில் நிறுத்த முடியாமல் இளைத்த பிறகுதான் சைனப் சண்டை போட்டு அவரைப் பரேலில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பெருங்குடலில் கட்டி என்றார்கள். புற்று. வெட்டியெடுக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம், மேலே வெள்ளைக் கோட்டும் உள்ளே பட்டுக்கரைச் சேலையுமாக ஒரு பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். மாதுங்காவில் குடியிருக்கும் பாலக்காட்டு வீட்டுப் பெண், விஜயலக்ஷ்மி.

"பாய், நான் உங்ககிட்டே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லே. மேல் மாடியிலே ஆராய்ச்சி பண்றவள். நாளைக்கு உங்க கட்டியை எடுப்பா இல்லையா, அதிலேர்ந்து கடுகத்தனை எனக்கு வேணும். கண்ணாடிக்குள்ளே வெச்சு வளத்துப் பாக்கப் போறேன்."

கரீம் பாட்சா சிரித்தார். "நாங்க அதை ஒழிக்கதுக்கு வந்திருக்கோம். நீங்க வளக்கப் போறீங்களா?"

"அது எப்படி வளர்றதுன்னு தெரிஞ்சாத்தானே பாய் எப்படி நிறுத்தறதுன்னு தெரியும்?"

அவர் யோசித்தார். "ஒடம்பை விட்டு எடுத்த சதை உயிரோட இருக்குமா? நான் முப்பது வருசமா தோலைப் பாக்கேன். எடுத்தா மறுநா நாத்தம்."

"இருக்கும். கோழி ரத்தத்தோட தெளிவையும் முட்டைக்குள்ளே இருக்கற குஞ்சோட சாறையும் ஒரு சொட்டு குடுத்து, உடம்புச் சூட்டிலேயே வெச்சா இருக்கும். எங்காத்துலே முட்டைன்னு பேர் சொன்னாலே பாட்டி ஸ்நானம் பண்ணப் போயிடுவா. நான் இங்கே தெனம் பத்து முட்டை உடைக்கறேன்."

"அப்ப எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. என் ஒடம்புல உள்ளது என்கூட மண்ணுக்குப் போவணும். குப்பைத்தொட்டிக்குப் போவக்கூடாது."

"ஒரு சொட்டு கீழே கொட்ட மாட்டேன். உயிர் போனதையெல்லாம் ஒரு குப்பியிலே போட்டு வெச்சு உங்காத்துக்காரி கையிலே தரேன். பேச்சு மாற மாட்டேன்."

சதையை விற்ற கதை இதுதான். ஒரு தம்பிடி கை மாறவில்லை. கேட்டது அவள், கொடுத்தது அவர்.

வெட்டு முடிந்து எட்டு நாளில் அவரால் நாலடி நடக்க முடிந்தது. விஜயலக்ஷ்மி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மேல் மாடிக்கு அழைத்துப் போனாள். சைனப்பும் கூடப் போனாள். பன்னிரண்டு சின்னக் கண்ணாடிகள்; ஒவ்வொன்றின் நடுவிலும் குழி; குழிக்குள் ஒரு சொட்டு; சொட்டுக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு. எல்லாவற்றையும் அடை காக்கிற பெட்டி போன்ற ஒன்றில் வைத்திருந்தாள். பெட்டிக் கதவைத் திறந்தபோது கோழிக்கு அடியில் கைவிட்டது போல வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது.

அதிலொன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள்; முதலில் கரீம் பாட்சா குனிந்து அதன் ஓட்டையில் கண்ணை வைத்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. தையல் போட்ட வயிற்றோடு ஏன் இப்படிக் குனிந்திருக்கிறார் என்று சைனப் தோளைத் தொட்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, பாரு. நடக்குது."

சைனப் பார்த்தாள். முதலில் தன் இமை முடிதான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு, நடுவில் கறுப்பாக ஒரு தீவு. அதன் கரையிலிருந்து நாலு பக்கமும் கண்ணாடி போன்ற சின்னச் சின்னத் துண்டுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தன. ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறப் போகிற கூட்டம் போல. ஒன்று மட்டும் உருண்டு திரண்டு நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடரி வலித்தது. உருண்டது இடுப்பில் ஒடுங்கியது. ஒடுங்கி ஒடுங்கி, இரண்டாயிற்று.

அவளுக்குள் பத்து மாதம் எதுவும் தங்கியதில்லை. ஒன்று இரண்டாகிறது எப்படி இருக்கும் என்று பதினெட்டு வருஷம் தொழுகைப் பாயில் உட்கார்ந்து கேட்டவள். அது இப்படித்தான் இருக்கும் என்று இங்கே, இந்த ஆஸ்பத்திரி மாடியில், தன் புருஷனைத் தின்ன வந்த நோயில் பார்த்தாள். பயமாகவும் இருந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"அது நானாம்மா?" என்று கேட்டார் கரீம் பாட்சா.

விஜயலக்ஷ்மி கண்ணாடியை ஒரு நூல் நகர்த்தி வைத்தாள். "உங்களோடதுதான் பாய். ஆனா உங்க பேச்சைக் கேக்காதது."

அன்றைக்கே பெரிய டாக்டர் சைனப்பைத் தனியாக அழைத்து, நோய் ஈரலுக்கும் போய்விட்டது, வெட்டியதால் வலி குறையும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். கரீம் பாட்சாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளுடைய முகமே அவருக்குப் போதுமாக இருந்தது. "சரி, வுடு" என்றார். "அது நிக்குமான்னு மட்டும் பாத்துட்டுப் போவோம்."

அன்றிலிருந்து அவருக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதை நிறுத்த முடியுமா?

கடுக்காயைச் சொன்னவள் சைனப். மறுநாள் மாடியில் அந்தப் பெண் கண்ணாடி கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அம்மா, தோலு அழுகாம நிறுத்துறது கடுக்காதான். இதுக்கு வுட்டுப் பாத்தீங்களா?"

விஜயலக்ஷ்மி சிரிக்கவில்லை. என்னென்ன பட்டை, வேர், காயெல்லாம் சோதிக்க வேண்டும் என்று அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாளாம். அதில் கடுக்காய் பதினாலாவது. "அதை மேலே கொண்டுவந்துட்டாப் போச்சு" என்றாள். கடுக்காயைக் காய்ச்சி, வடித்து, நல்ல திக்காக நாலு கண்ணாடிகளில் ஒரு சொட்டு விட்டாள். மறுநாள் பார்த்தால் நாலும் அசைவில்லை. முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு ஊசியால் தொட்டுப் பார்த்தாள். விறைத்துப் பழுப்பேறியிருந்தது. உதட்டைப் பிதுக்கினாள்.

"இது நிறுத்தலை சைனப். தோலாப் பண்ணிடுத்து. நெருப்பை வெச்சாலும்தான் நிக்கும். அதுக்குப் பேர் மருந்து இல்லே."

சைனப் வீட்டுக்கு வந்து சொன்னதும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த கரீம் பாட்சா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"படிச்ச புள்ளை! பச்சத் தோலை மொத நாளே ஏழாங் குழியில போட்டா என்ன ஆவும்? மேல பூட்டிக்கிடும். உள்ள பச்சையாவே கெடக்கும். பழைய தண்ணியிலல்லா தொடங்கணும்! போய்ச் சொல்லு. மொதக் குழித் தண்ணி. அப்பொறம் ரெண்டு. அப்பொறம் மூணு."

இங்கேதான் சைனப் ஒரு காரியம் செய்தாள். மொதக் குழித் தண்ணி என்று அவர் சொன்னாரா, அவள் நேரே ஷாப்புக்கு நடந்து, முதல் குழியிலேயே ஒரு புட்டி மொண்டு, துணியால் வாயைக் கட்டி, ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். விஜயலக்ஷ்மியும் அவசரத்தில் ஒரு தடவை வடிகட்டியதோடு ஆறு கண்ணாடியில் விட்டுவிட்டாள். பத்து வருஷமாக ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் ஊறிய தண்ணீர்! சுண்ணாம்பு, உப்பு, ரோமம், அழுகல், என்னதான் இல்லை அதில்? மூன்றாம் நாள் ஆறும் மோர் போலக் கலங்கி நாறியது. பன்னிரண்டில் மிச்சம் இரண்டு.

குழி பார்க்கிறவன் பெண்டாட்டி மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேறு யாருக்காவது அந்தத் தண்ணீரை எடுத்துப்போகத் தோன்றுமா? அவள் மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் உடம்பில் ஆறு பங்கை அவள் கையாலேயே நாசமாக்கினாளே!

விஜயலக்ஷ்மி பக்கத்தில் வந்து அதே படியில் உட்கார்ந்தாள். "அழாதேங்கோ. தப்பு என்னோடது. காய்ச்சாம விட்டவ நான். ஆனா உங்காத்துக்காரர் சொன்னது தப்பில்லே. வேணுங்கறது அந்தத் தண்ணி இல்லே, அந்த அளவு."

அளவு. அதுதானே கரீம் பாட்சாவின் நாக்கில் இருந்தது?

சைனப் ஏழு புதுச் சட்டி வாங்கினாள். வீட்டில் கரீம் பாட்சாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். சுத்தமான கடுக்காய், கொட்டை நீக்கியது. கொதித்து ஆறிய தண்ணீர். ஏழாவதில் திக்காக ஆரம்பித்து, அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கூட்டி ஆறாவது, அதில் கூட்டி ஐந்தாவது என்று முதல் சட்டிவரை வந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து அவர் வாயருகே கொண்டுபோவாள். எழுந்து உட்காரத் தெம்பில்லாதவர், நாக்கை நீட்டி நுனியில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடுவார்.

"இது மூணு இல்ல, ரெண்டரை. இன்னுங் கொஞ்சம் கடுக்கா."

தகர ஓட்டையில் பேகம் பார்த்தது இதைத்தான். ஏழு சட்டி, நடுவில் நோயாளி, பெண்டாட்டி கரண்டி கரண்டியாக ஊட்டுகிறாள். அவளுக்கு வேறென்ன தோன்றும்?

ஆனால் ஒரு நாள் நிஜமாகவே ஊற்றினாள். அதை மறைக்க வேண்டியதில்லை. வலி தாங்காமல் அவர் முனகிய ஒரு காலை, கண்ணாடியில் நிற்கிறது வயிற்றில் நிற்காதா என்ற ஆசையில், மூன்றாம் சட்டியில் ஒரு லோட்டா அளந்து குடிக்கக் கொடுத்துவிட்டாள். அவரும் மறுக்காமல் குடித்தார். இரண்டு நாள் வயிறு கழிந்துகொண்டே இருந்தது. விஜயலக்ஷ்மி கேள்விப்பட்டு, மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் அந்தச் சந்துக்குள் நடந்து வந்தாள். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"கண்ணாடி வேறே, உடம்பு வேறே! அங்கே ஒரு சொட்டு நேரே அதுமேலேயே விழறது. இங்கே குடிச்சது குடல், ரத்தம், ஈரல்னு எங்கெங்கேயோ போய் என்னவா ஆறதோ, எனக்கே தெரியாது. நல்ல சதையை என்ன பண்ணும்னும் தெரியாது. தெரியாததை மனுஷாளுக்குக் குடுக்கப்படாது!"

"அவளைத் திட்டாதீங்கம்மா" என்றார் கரீம் பாட்சா. "முப்பது வருசமா நான் தெனம் நக்குன தண்ணிதான். அது காப்பாத்துறதா இருந்தா என்னை எப்பவோ காப்பாத்திருக்கும். அவளுக்கும் அது தெரியும். மனசு கேக்கல, அவ்வளவுதான்."

சைனப் அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை.

மாடியில் விஜயலக்ஷ்மி மிஞ்சிய இரண்டையும் இரண்டிரண்டாக வெட்டி நாலாக்கினாள். இரண்டுக்குக் கடுக்காய், இரண்டுக்கு வெறும் சாறு. சைனப் கொண்டுவரும் தண்ணீரை அவள் மறுபடி காய்ச்சி, வடித்து, பச்சைத் தோல் குழி ஏறுவது போலவே ஏற்றினாள். முதல் சட்டி, இரண்டு நாள் விட்டு இரண்டாவது, இன்னும் இரண்டு நாள் விட்டு மூன்றாவது. தினமும் ஒவ்வொரு கூட்டமும் எதுவரை நடந்திருக்கிறது என்று பார்த்து, காகிதத்தில் பென்சிலால் அதன் கரையை வரைவாள். மறுநாளைய கரை அதற்கு வெளியே. அதற்கு மறுநாளையது அதற்கும் வெளியே.

அந்தக் காகிதத்தின் ஒரு பிரதியைச் சைனப்பிடம் கொடுத்தனுப்பினாள். எழுத்துத் தெரியாதவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். ஆனால் அதைப் படிக்க எழுத்து எதற்கு? ஒரு பக்கம் கோட்டுக்குக் கோடு விரலளவு இடைவெளி, தண்ணீரில் கல் போட்டது போல விரிந்துகொண்டே போனது. கடுக்காய் விட்ட மறு பக்கம், முதல் மூன்று கோடு அகலம், பிறகு நெருக்கம், பிறகு கோட்டின் மேலேயே கோடு. கரீம் பாட்சா பழுப்பு விரலால் அந்தக் கோடுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்த மந்திரக் காகிதம் இதுதான்.

"மூணுல நிறுத்தச் சொல்லு" என்றார். "நாலுக்குப் போனா தோலாயிரும்."

நிறுத்தினாள் விஜயலக்ஷ்மி.

"ஆனா புள்ள, ஒண்ணு இருக்கு." அவருக்கு மூச்சு வாங்கியது. "நின்னுருக்கா, தோலாயிருக்கான்னு கோட்டைப் பாத்தா தெரியாது. கழுவிப் பாக்கணும். தோலானது எத்தனை கழுவுனாலும் திரும்பாது. பிடிச்சு நிறுத்துனதா இருந்தா திரும்பும். கடுக்காயைக் கழுவிட்டுப் பாக்கச் சொல்லு. நீ போய் ஒன் கண்ணால பாரு. பாத்துட்டு, உயிர் போனதையெல்லாம் வாங்கிட்டு வந்து என்கிட்ட சேத்துரு."

"பாக்கேன் மச்சான்."

"எங்கிட்ட வந்து சொல்லணும்."

"சொல்லுதேன்."

மூன்றாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் அவர் மௌத்தானார். காகிதம் தலையணைக்கு அடியில் இருந்தது.

சைனப் வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தாள். ஏழாம் நாள் விஜயலக்ஷ்மி துக்கம் கேட்க வந்தாள். திரைக்கு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, சைனப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: கண்ணாடிக்குள் இருப்பவை களைத்துவிட்டன, இன்னும் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. கரீம் பாட்சா சொல்லியனுப்பியபடியே, நாளைக்குக் கடுக்காய் விட்டதில் ஒன்றைக் கழுவப் போகிறாள். அதற்கு மறுநாள் தெரிந்துவிடும். "நீங்க இப்போ வெளியிலே வரப்படாதுன்னு எனக்குத் தெரியும். நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

நாலு மாதம் பத்து நாளில் மீதி எவ்வளவு! கண்ணாடிக்கு இருப்பதோ ஒரு வாரம்.

அவள் போனதும் பேகம் தகரத்தில் தட்டினாள். எல்லாம் கேட்டுவிட்டிருந்தாள்.

"ஏளா சைனபு, போவணும்னு நெனைக்கியா? மய்யத்து எடுத்த ஈரம் காயல. காலை வெளிய வச்சேன்னா நாளைக்கு மறுமையில, மஹ்ஷர்ல அவரு மொகத்த எப்பிடிப் பாப்பே?"

"அவரு கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டுபோய்ப் பாப்பேன்."

"கேள்வியாம் பதிலாம்! அந்தச் சதையைக் கொண்டாந்து அடக்கம் பண்ணாம, கண்ணாடியில வச்சு வேடிக்க பாக்கீங்க. ஆலிம்சாகிட்ட சொல்லுதேன் பாரு."

சொன்னாள். பள்ளிவாசல் ஆலிம்சா அப்துல் வாஹித் மறுநாள் வந்து திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். எழுபது வயது. கண் மங்கியவர். சைனப் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தப்பாகக் கொடுத்த லோட்டாத் தண்ணீரையும் சொன்னாள். சந்தில் இருந்த பெண்கள் சமைப்பதை விட்டுவிட்டு வாசலில் நின்றார்கள்.

"இப்ப அந்தக் கண்ணாடில இருக்கது," ஆலிம்சா மெதுவாகக் கேட்டார், "உயிரோடயா இருக்கு?"

"உயிரோட இருக்கு. நடக்கதைப் பாத்தேன். ஒண்ணு ரெண்டாவுறதையும் பாத்தேன்."

அவர் தடியைக் கீழே வைத்தார். "சுபுஹானல்லாஹ்" என்றார். "நானே அடக்குனேன் பாட்சாவை. மண்ணு தள்ளுனது நான்."

பேகம் பொறுக்கமாட்டாமல், "அதைக் கொண்டாந்து அடக்கணுமா வேண்டாமா ஆலிம்சா?" என்றாள்.

"மௌத்தானதை அடக்கணும். அது நம்ம மேல கடமை. உயிரோட இருக்கதை அடக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல பேகம். அது படைச்சவன் காரியம்." பிறகு திரைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, போனதை வாங்கிட்டு வர ஒன்னை விட்டா ஆள் இல்லியே. பகல்ல, தேவைக்குப் போவலாம். பொழுது அடையுமுன்ன, மஃரிபுக்கு முன்ன இந்த வாசலுக்குள்ள வந்துரணும். ராத்திரி இங்கனதான் தங்கணும். போம்மா."

ஆலிம்சா சொன்னதைக் குழாயடியில் யாரும் சொல்வதில்லை பாருங்கள்.

ஒன்பதாம் நாள், பகல் தொழுகை முடிந்ததும் அவள் திரையை விலக்கினாள். அத்தனை வாசலிலும் ஆள். முகத்தை மறைத்து, தரையைப் பார்த்து, சயான் ஸ்டேஷன்வரை நடந்து ரயிலேறினாள்.

மாடியில் விஜயலக்ஷ்மி பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"நான் இன்னும் பாக்கலை. காத்தாலேர்ந்து கை துறுதுறுன்னு இருக்கு. ஆனா இது நீங்க மொதல்ல பாக்க வேண்டியது."

கழுவிய கண்ணாடியை எடுத்து வைத்தாள். பக்கத்தில் காகிதத்தை விரித்தாள்: ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்த பென்சில் கோடுகள், கடைசிக் கரை. சைனப் பிஸ்மி சொல்லிக் குனிந்தாள்.

இமை முடி. வெளிச்சம். தீவு.

கரை முன்பிருந்த இடத்தில் இல்லை. கடைசிக் கோட்டைத் தாண்டி, ஒன்று, அதற்குப் பின்னால் இரண்டு, அதற்குப் பின்னால் ஒரு கூட்டம். ஓரத்தில் ஒன்று உருண்டு, ஒடுங்கிக்கொண்டிருந்தது.

"திரும்பிட்டு" என்றாள். "தோலாவல. பிடிச்சுத்தான் நிறுத்திருக்கு. விட்டதும் நடக்குது."

விஜயலக்ஷ்மி பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு கழுவாத இன்னொன்றை வைத்தாள். அது கோட்டிலேயே நின்றது.

"ஒரே ஒரு மனுஷரோடது. அதுவும் நாலு கண்ணாடி. இதை வெச்சுண்டு நான் யார்கிட்டேயும் எதுவும் சொல்ல முடியாது சைனப். இன்னும் நூறு பேரோடதுலே பாக்கணும். நல்ல சதையிலே பாக்கணும். வருஷக்கணக்காகும். யாருக்கும் ஆகாமலேயும் போலாம்." சொல்லிக்கொண்டே காகிதத்தின் கடைசிக் கோட்டில் விரலை வைத்தாள். "ஆனா உங்காத்துக்காரர் சொன்ன வழியிலே இது நின்னுது. நான் பாத்தேன்."

சைனப் இன்னொரு முறை கேட்டுக் குனிந்தாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மண்ணுக்குப் போன மனிதரின் கடுகத்தனை மிச்சம், அவர் போனது தெரியாமல், நடந்துகொண்டிருந்தது. அவரைக் கொன்றதும் அதுதான். அவர் கேட்டதற்குப் பதில் சொன்னதும் அதுதான்.

விஜயலக்ஷ்மி அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்தாள். தோலாகிப் போன நாலும், கலங்கிப் போன ஆறும் அதற்குள் இருந்தன. ஒரு சொட்டு கீழே கொட்டவில்லை. சைனப் இரண்டு கையாலும் வாங்கி, வெள்ளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"உயிரோட இருக்கற அந்த நாலு?" என்றாள் விஜயலக்ஷ்மி தயங்கித் தயங்கி. "அதையும் கேட்டேள்னா தந்துடறேன்."

"உயிரோட இருக்கதைக் கேக்க நான் யாரும்மா? இருக்கிறவரைக்கும் பாருங்க. போனதும் சொல்லியனுப்புங்க, வந்து வாங்கிக்கிடுதேன்."

போகிற வழியில் அடை காக்கிற பெட்டிக்கு முன்னால் நின்றாள். கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சலில்லாத நாளில் அவர் முதுகு இருக்குமே, அதே சூடு. "பாத்துட்டேன் மச்சான். திரும்பிட்டு" என்றாள், உரக்கவே.

ஜன்னலுக்கு வெளியே மில் புகைபோக்கிக்கு மேலே வெயில் இன்னும் இருந்தது. மஃரிபுக்கு நேரம் இருந்தது. சைனப் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே நடந்தாள்.